கையெழுத்தா, பல்கலைக்கழகமா, இரண்டாண்டுக் கல்லூரியா: பதினெட்டு வயது பிட்சரின் முடிவு

அமெரிக்காவில் ஜூலை மாதம் நடக்கும் மேஜர் லீக் பேஸ்பால் டிராஃப்டுக்கு (அணிகள் முறைவைத்து, சுற்றுச் சுற்றாகப் புதிய வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வுக்கு) முந்தைய வாரங்களில், உயர்நிலைப் பள்ளியை அப்போதுதான் முடித்த சில நூறு பையன்களின் வீடுகளில் ஒரே பேச்சு ஓடிக்கொண்டிருக்கும். அணி கூப்பிட்டால் கையெழுத்துப் போட்டுவிடுவதா, ஏற்கெனவே இடம் தந்திருக்கும் பல்கலைக்கழகத்துக்குப் போவதா, அல்லது இரண்டாண்டுக் கல்லூரி ஒன்றில் சேர்ந்து அடுத்த ஆண்டே மறுபடியும் டிராஃப்டுக்கு வருவதா? ஐபிஎல் ஏலத்தைப் பார்த்துப் பழகிய நமக்கு இது சற்று விசித்திரமாகத் தோன்றும். ஏலத்துக்குப் பெயர் கொடுத்தவர், எடுத்த அணிக்கு ஆடுவார் என்பது எழுதப்படாத எதிர்பார்ப்பு. இங்கோ, தேர்ந்தெடுக்கப்பட்ட பையன் "வேண்டாம்" என்று சொல்லிவிட்டுப் படிக்கப் போகலாம். பொதுவாக, கையெழுத்துக் கெடு முடிந்ததும் அந்த அணிக்கு அவன்மேல் இருந்த உரிமை அற்றுப்போய்விடும். கோடிகளில் புரளும் அணி உரிமையாளர்களுக்கு எதிரே பதினெட்டு வயதுப் பையன் கையில் இருக்கும் ஒரே பிடி அந்த மறுப்புதான். ஆகவே மூன்று வழிகளையும் ஒப்பிடும்போது, எந்த வழியில் அந்தப் பிடி எவ்வளவு காலம் அவனிடம் இருக்கும் என்பதையே நான் முதலில் பார்க்கிறேன்.

ஒப்பீடு அந்தரத்தில் நிற்காமலிருக்க, ஒரு பையனைக் கற்பனை செய்துகொள்வோம். தெற்கு மாநிலம் ஒன்றில் படித்த வலக்கைப் பிட்சர், அதாவது மட்டையாளருக்குப் பந்து எறிபவன். வயது பதினெட்டு, உயரம் 188 சென்டிமீட்டர், எடை 82 கிலோ. வேகப்பந்து மணிக்கு 91 முதல் 93 மைல், அதாவது ஏறத்தாழ 147 முதல் 150 கிலோமீட்டர். நல்ல நாளில் 95 மைலைத் தொட்டிருக்கிறான். ஸ்லைடர் என்னும் வளையும் பந்து கூர்மையாக விழுகிறது. வேகப்பந்துபோல் தோன்றி மெதுவாக வரும் சேஞ்ச்அப் இன்னும் கைக்கு வரவில்லை. தென்கிழக்கு மாநாடு என்னும் பல்கலைக்கழக லீக்கில் ஆடும் பெரிய பல்கலைக்கழகம் ஒன்று அவனுக்கு இடம் ஒதுக்கியிருக்கிறது. மூன்றாம் சுற்றுக்கும் ஆறாம் சுற்றுக்கும் இடையில் எங்காவது எடுக்கப்படுவான் என்று அணிகளுக்காகத் திறமை தேடி வரும் வட்டார ஸ்கவுட்டுகள் பேசிக்கொள்கிறார்கள். உண்மையில் குழப்பம் இத்தகைய பையனுக்குத்தான். முதல் பத்து இடங்களுக்குள் போகிறவனுக்கு யாரும் ஆலோசனை சொல்லத் தேவையில்லை. யாரும் எடுக்காதவனுக்குத் தேர்ந்தெடுக்க ஒன்றுமில்லை.

அவனைப் பார்க்க வரும் ஸ்கவுட் எதை விலை பேசுகிறார் என்பது புரிந்தால் பாதி முடிவு தெளிவாகும். பேஸ்பாலில் திறமையை 20 முதல் 80 வரையான அளவுகோலில் எழுதுவார்கள். 50 என்றால் மேஜர் லீக்கின் சராசரி. பேட்டருக்கு அடிக்கும் திறன், அடியின் வலு, ஓட்டம், கை வலு, ஃபீல்டிங் என ஐந்து மதிப்பெண்கள். பிட்சருக்கு ஒவ்வொரு வகைப் பந்துக்கும் ஒரு மதிப்பெண், கட்டுப்பாட்டுக்குத் தனியே ஒன்று. ஒவ்வொன்றுக்கும் இன்றைய மதிப்பெண், நாளைய மதிப்பெண் என இரண்டு இருக்கும். நம் பையனின் சேஞ்ச்அப் இன்று 30, நாளை 50 என்று ஒருவர் எழுதினால், அந்த 20 புள்ளிகளுக்கே அணி பணம் தருகிறது. தோள் அகலமா, இடுப்பு உயர்ந்திருக்கிறதா, இன்னும் பத்துக் கிலோ தசை ஏற இடமிருக்கிறதா என்று உடம்பைப் பார்ப்பார்கள். அப்பா அம்மாவின் உயரத்தையும் உடல்வாகையும் ஓரக்கண்ணால் அளப்பதும் இந்தத் தொழிலில் உண்டு. நம் ஊர்ப் பெண் பார்க்கும் படலம் நினைவுக்கு வந்தால் அது என் குற்றமில்லை. டிராக்மேன் கருவி பந்தின் சுழற்சியையும் கையிலிருந்து விடுபடும் கோணத்தையும் எண்ணாக்கித் தந்துவிடுகிற இந்தக் காலத்திலும், மூன்று ரன் கொடுத்த பிறகு அடுத்த பந்தை எப்படி எறிகிறான், பயிற்சியாளர் திட்டும்போது முகம் எப்படி இருக்கிறது என்பதைப் பார்க்க ஆள் நேரில் வரத்தான் வேண்டியிருக்கிறது.

வயதும் மதிப்பெண்ணுக்குள் அடங்கும். ஒரே வேகத்தில் எறியும் இருவரில் பதினேழரை வயதுக்காரனுக்கு, பத்தொன்பதை நெருங்குகிறவனைவிட விலை அதிகம், ஏனெனில் வளர்வதற்கு அவனுக்கு நாள் மிச்சமிருக்கிறது. 2025-ல் வாஷிங்டன் நேஷனல்ஸ் முதல் தேர்வாக எடுத்த எலை வில்லிட்ஸுக்கு அப்போது வயது 17. ஓராண்டு முன்னதாகவே பள்ளியை முடித்து வந்தவர் அவர்.

இனி பணம். 2012 முதல், முதல் பத்துச் சுற்றுகளில் ஒவ்வோர் இடத்துக்கும் ஓர் ஒதுக்கீட்டுத் தொகை உண்டு. 2024-ல் முதல் இடத்துக்கு அது 1,05,70,600 டாலர். மூன்றாம் சுற்றுக்குள் வரும்போதே பத்து லட்சத்தை ஒட்டியும் அதற்குக் கீழும் இறங்கிவிடும். பத்தாம் சுற்றில் இரண்டு லட்சத்தை ஒட்டி நிற்கும். ஓர் அணியின் எல்லா இடங்களின் தொகையும் சேர்ந்ததே அதன் மொத்தக் கையிருப்பு. அதற்குள் யாருக்கு எவ்வளவு என்பது அணியின் விருப்பம். கையிருப்பைத் தாண்டினால் வரி. ஐந்து விழுக்காட்டுக்கு மேல் தாண்டினால் அடுத்த ஆண்டின் முதல் சுற்றுத் தேர்வே பறிபோகும். எனவே அணிகள் ஓரிடத்தில் மிச்சம் பிடித்து இன்னோரிடத்தில் கொட்டும். 2024-ல் கிளீவ்லாந்து, முதல் தேர்வான டிராவிஸ் பசானாவுடன் 89.5 லட்சம் டாலருக்கு முடித்து, ஒதுக்கீட்டில் 16 லட்சத்துக்கும் மேல் கையில் வைத்துக்கொண்டது. இப்படி மிச்சமாகும் பணம் பெரும்பாலும் கல்லூரிக்குப் போய்விடுவேன் என்று மிரட்டக்கூடிய பள்ளிப் பையன்களை மசிய வைக்கவே போகிறது. நம் பையன் நான்காம் சுற்றில் எடுக்கப்பட்டு இரண்டாம் சுற்றுப் பணம் வாங்க வழி இருப்பது இதனால்தான். அந்த வழியைத் திறந்து வைப்பது பல்கலைக்கழகத்தின் இடம். அது கையில் இல்லாதவனுக்கு ஒதுக்கீட்டுக்கு மேல் ஒரு காசு தர எந்த அணிக்கும் காரணம் இல்லை.

இந்தக் கணக்கின் கொடுமையான பக்கத்தை 2014-ல் ஹூஸ்டனில் பார்த்தார்கள். அவ்வாண்டு ஆஸ்ட்ரோஸ் முதல் தேர்வாக பிராடி ஏக்கன் என்ற இடக்கைப் பள்ளிப் பிட்சரை எடுத்தது. 65 லட்சம் டாலருக்குப் பேச்சு முடிந்ததாகச் செய்திகள் வந்தன. மருத்துவப் பரிசோதனையில் முழங்கைத் தசைநாரைப் பற்றி அணிக்கு ஐயம் எழ, தொகையைக் குறைத்தது, ஏக்கன் மறுத்தார். முதல் பத்துச் சுற்றுகளில் ஒருவர் கையெழுத்திடாவிட்டால் அவருடைய ஒதுக்கீடு முழுவதும் கையிருப்பிலிருந்து கழிந்துவிடும் என்பது விதி. விளைவு, ஐந்தாம் சுற்றில் எடுக்கப்பட்டு 15 லட்சத்துக்கு ஒப்புக்கொண்டிருந்த ஜேக்கப் நிக்ஸ் என்ற இன்னொரு பையனின் ஒப்பந்தமும் சேர்ந்து கவிழ்ந்தது. அவர் மேல் எந்தக் குற்றமும் இல்லை. அடுத்த மார்ச்சில் ஏக்கனின் முழங்கைக்கு அறுவைச் சிகிச்சை நடந்தது. 2015-ல் கிளீவ்லாந்து அவரைப் பதினேழாம் இடத்தில் எடுத்து 25 லட்சத்தை ஒட்டிக் கொடுத்தது. அவர் மேஜர் லீக்கை எட்டவே இல்லை. நிக்ஸ் 2018-ல் சான் டியாகோவுக்காக எட்டினார். ஆஸ்ட்ரோஸுக்கு ஈடாகக் கிடைத்த 2015-ன் இரண்டாம் தேர்வு அலெக்ஸ் பிரெக்மனாக முடிந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். இத்தகைய பேரம் முறியும்போது இரு தரப்பும் ஒரே அளவில் நஷ்டப்படுவதில்லை.

முதல் வழி, உடனே கையெழுத்திடுவது. இதன் பக்கம் இருக்கும் வலுவான வாதம் வயதுதான். மேஜர் லீக்கில் ஆறு முழு ஆண்டுகள் சேவை செய்த பிறகே ஒரு வீரர் தன்னைச் சந்தையில் விற்க முடியும். பத்தொன்பது வயதில் மேலே வந்த பிரைஸ் ஹார்ப்பர் 26 வயதில் சந்தைக்கு வந்து, 2019-ல் 33 கோடி டாலருக்குப் பதின்மூன்று ஆண்டு ஒப்பந்தம் பெற்றார். கல்லூரி முடித்து 22 வயதில் மேலே வந்த கெரிட் கோல், அதே நிலைக்கு வரும்போது 29 ஆகியிருந்தார், அவரும் 32.4 கோடி பெற்றார் என்றாலும், ஒன்பது ஆண்டுகளுக்கு மேல் யாரும் அவரை நம்பவில்லை. நியூ ஜெர்சியின் மில்வில் பள்ளியிலிருந்து 2009-ல் இருபத்தைந்தாம் இடத்தில் போன மைக் ட்ரவுட்டுக்குக் கிடைத்த கையெழுத்துப் பணம் 12 லட்சத்தைச் சற்றே தாண்டியது. ஏறத்தாழ ஈராண்டில், பத்தொன்பது வயதில், மேஜர் லீக்கில் நின்றார். ஆனால் ஹார்ப்பரும் ட்ரவுட்டும் மட்டையாளர்கள். நம் பையன் எறிபவன். அந்த வேறுபாட்டை இந்த விவாதத்தில் வசதியாக மறந்துவிடுகிறார்கள்.

டிராஃப்ட் தொடங்கிய 1965 முதல் 2025 வரை, உயர்நிலைப் பள்ளி வலக்கைப் பிட்சர் ஒருவர்கூட முதல் தேர்வாக எடுக்கப்பட்டதில்லை. இடக்கையர் மூவர் எடுக்கப்பட்டிருக்கிறார்கள்: 1973-ல் டேவிட் கிளைட், 1991-ல் பிரையன் டெய்லர், 2014-ல் ஏக்கன். கிளைட்டைப் பள்ளி முடித்த சில வாரங்களிலேயே டெக்சஸ் அணி நேரே மேஜர் லீக்கில் இறக்கியது. கூட்டம் சேர்ந்தது, பையனின் எதிர்காலம் கரைந்தது. யாங்கீஸிடம் 15.5 லட்சம் வாங்கிய டெய்லர், 1993-ல் ஒரு கைகலப்பில் தோளைக் கெடுத்துக்கொண்டு மேஜர் லீக்கைப் பார்க்காமலே போனார். மூன்று பேரை வைத்து விதி எழுத முடியாது என்பது சரி. ஆனால் அறுபது ஆண்டுகளாக இத்தனை அணிகள் இத்தனை ஸ்கவுட்டுகளை வைத்துக்கொண்டு ஒரு வகை வீரரைத் தொடவே தயங்கியிருக்கின்றன என்றால், விலை சொல்லும் தரப்பே அந்த ஆபத்தை அறிந்திருக்கிறது என்று பொருள்.

கையெழுத்திட்டபின் வாழ்க்கை முன்பைவிட மிகவும் மேம்பட்டிருக்கிறது என்பதை மறுக்கக் கூடாது. 2022 முதல் அணிகளே தங்குமிடம் தருகின்றன. மேஜர் லீக்குக்குக் கீழே வீரர்கள் வளரும் படிகளான மைனர் லீக்கின் வீரர்களுக்கான முதல் கூட்டு ஒப்பந்தம் 2023-ல் நிறைவேறியபோது, அரிசோனா, ஃப்ளோரிடா பயிற்சி வளாகங்களில் ஆடுவோரின் ஆண்டு ஊதியம் 4,800 டாலரிலிருந்து 19,800 ஆனது. மேஜர் லீக்குக்கு ஒரு படி கீழேயுள்ள ட்ரிபிள்-ஏயில் 35,800 ஆனது. பாடப்புத்தகம் இல்லை, தேர்வு இல்லை, ஆறு நாளுக்கு ஒருமுறை எறிந்தால் போதும். எதிரே, மேஜர் லீக்கில்போலவே, மர மட்டை. பெரிய அணிகளின் பயிற்சிக்கூடங்களுக்கு இணையானவை உலகில் வேறெங்கும் இல்லை. ஆனாலும் நாம் தேடிய பிடி இங்கே அன்றே போய்விடுகிறது. பதினெட்டு வயதில் கையெழுத்திட்டால் ஏழு ஆண்டுகள் அவன் அணிக்குச் சொந்தம். 19 வயதிலோ அதற்குப் பிறகோ கையெழுத்திட்டால் ஆறு ஆண்டுகள். அணியோ அவனை எந்த நாளும் விடுவிக்கலாம். 2021-ல் மைனர் லீக் மறுசீரமைப்பில் சுமார் நாற்பது அணிகள் வெளியேற்றப்பட்டு 120 மட்டும் மிஞ்சின. நாற்பது சுற்றுகளாக இருந்த டிராஃப்ட் இருபதாகச் சுருங்கியது. உள்நாட்டில் ஓர் அணி வைத்துக்கொள்ளக்கூடிய மைனர் லீக் வீரர் எண்ணிக்கை 165. "உள்ளே போய்விடு, மெதுவாக வழி பிறக்கும்" என்று முந்தைய தலைமுறைப் பயிற்சியாளர்கள் சொல்வது அவர்கள் காலத்துக்குப் பொருந்தியது. 1988-ல் 62-ஆம் சுற்றில் எடுக்கப்பட்ட மைக் பியாசா இன்று புகழ் மண்டபத்தில் இருக்கிறார். இன்றைய டிராஃப்டில் அவர் பெயர் வாசிக்கப்பட்டிருக்காது.

இரண்டாம் வழி பல்கலைக்கழகம். நான்காண்டுக் கல்லூரியில் சேர்ந்தவன் மூன்றாம் ஆண்டு முடியும்வரை, அல்லது 21 வயதை எட்டும்வரை, டிராஃப்டுக்குத் திரும்ப முடியாது. ஆக, இந்த வழியில் மறுக்கும் உரிமை மூன்று ஆண்டுகள் உறங்குகிறது. மூன்றாம் ஆண்டின் முடிவில் விழிக்கிறது, ஏனெனில் "நான்காம் ஆண்டும் இங்கேயே ஆடுகிறேன்" என்று அவனால் சொல்ல முடியும். நான்காம் ஆண்டு முடிந்துவிட்டால் அது முற்றாகச் செத்துப்போகிறது. போக்கிடம் இல்லாத நான்காமாண்டு மாணவர்கள் சில ஆயிரம் டாலருக்குக் கையெழுத்திடுவதும், மிச்சமான ஒதுக்கீடு பள்ளிப் பையன் ஒருவனுக்குப் போவதும் ஆண்டுதோறும் நடக்கிற ஏற்பாடு. பல்கலைக்கழகத்தைத் தேர்ந்தெடுப்பவன் உண்மையில் ஒரே ஒரு பருவத்தின் மேல், தன் மூன்றாம் ஆண்டின் பிப்ரவரி முதல் ஜூன் வரையான சில மாதங்களின் மேல், பந்தயம் கட்டுகிறான் என்பதை இங்கிருந்துதான் பார்க்க வேண்டும்.

அந்தப் பந்தயம் பலித்தவர்களின் கதை வசீகரமானது. 2008-ல் யாங்கீஸ் முதல் சுற்றில் எடுத்தும் கெரிட் கோல் கலிஃபோர்னியாவின் யுசிஎல்ஏ பல்கலைக்கழகத்துக்குப் போனார். 2011-ல் முதல் தேர்வாகத் திரும்பி 80 லட்சம் வாங்கினார். பால் ஸ்கீன்ஸைப் பள்ளியில் யாரும் எடுக்கவே இல்லை. விமானப்படைக் கல்லூரியில் கேட்சராகவும் பிட்சராகவும் ஈராண்டு இருந்தார். பிறகு லூசியானா மாநிலப் பல்கலைக்கழகத்துக்கு மாறினார். மின்னசோட்டா அணியின் பிட்சிங் பயிற்சியாளராக இருந்துவிட்டுக் கல்லூரிக்கு வந்திருந்த வெஸ் ஜான்சனிடம் ஒரே ஓர் ஆண்டு. 2023-ல் 209 ஸ்ட்ரைக்அவுட் (மூன்று ஸ்ட்ரைக்கில் மட்டையாளரை வெளியேற்றுவது), தேசியப் பட்டம், முதல் தேர்வு, 92 லட்சம் டாலர். அடுத்த ஆண்டு மே மாதம் மேஜர் லீக். 2025-ல் சிறந்த பிட்சருக்கான சை யங் விருது. அவர் கையெழுத்திட்டது 21 வயதில், மேலே வந்ததும் அதே 21 வயதில்தான். நல்ல கல்லூரி ஒன்று மைனர் லீக்கின் பாதிப் படிகளை விழுங்கிவிடும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி கிடையாது. வேக் ஃபாரஸ்ட் போன்ற பல்கலைக்கழகங்களில் எறியும் அசைவை அளக்கத் தனி ஆய்வுக்கூடமே இருக்கிறது. டென்னசியில் தொடங்கிய சேஸ் பர்ன்ஸ் 2024 பருவத்துக்கு அங்கே மாறிச் சென்று, அதே ஆண்டு சின்சினாட்டியிடம் 92.5 லட்சம் பெற்றார்.

இந்தியப் பெயர் கொண்ட ஒருவரின் கதையை நம் வாசகர்கள் கூடுதல் ஆர்வத்தோடு படிப்பார்கள் என்பதால் அதையும் சொல்கிறேன். அது பாடமாகவும் இருக்கிறது. இந்திய வம்சாவளித் தாய்க்கும், அமெரிக்கக் கால்பந்து வீரரான ட்ரேசி ராக்கருக்கும் பிறந்த குமார் ராக்கர், ஜார்ஜியாவில் பள்ளி முடித்தபோதே பேசப்பட்ட வலக்கைப் பிட்சர். வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்துக்குப் போவதில் உறுதியாக இருந்ததால் 2018-ல் 38-ஆம் சுற்றில்தான், பெயருக்கு, எடுக்கப்பட்டார். 2019-ல் முதலாண்டு மாணவராக டியூக் பல்கலைக்கழகத்துக்கு எதிராக 19 ஸ்ட்ரைக்அவுட்டுடன் ஒரு ஹிட்கூடக் கொடுக்காத ஆட்டம் ஆடினார். அன்று டிராஃப்ட் நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எல்லோரும் நினைத்தார்கள், ஆனால் விதிப்படி இன்னும் ஈராண்டு காத்திருக்க வேண்டும். 2021-ல் மெட்ஸ் பத்தாம் இடத்தில் எடுத்தது, 60 லட்சத்துக்குப் பேச்சு முடிந்தது, மருத்துவ அறிக்கையைப் பார்த்தபின் அணி பின்வாங்கியது. தோளில் சிகிச்சை, பிறகு நியூயார்க்கின் டிராய் நகரில் எந்த மேஜர் லீக் அணியோடும் தொடர்பில்லாத சிறு அணியில் சில ஆட்டங்கள். 2022-ல் டெக்சஸ் அவரை மூன்றாம் தேர்வாக எடுத்து 52 லட்சம் கொடுத்தது. 2024 செப்டம்பரில் மேலே வந்தார். முதல் சுற்றுக்காரருக்கே இப்படி. டிராஃப்டுக்கு முன்பே உடற்பரிசோதனைக்கு உட்படும் முன்னணி 300 பேரில் ஒருவர் தேர்ந்தெடுக்கப்பட்டால், அணி ஒதுக்கீட்டில் குறைந்தது 75 விழுக்காட்டைத் தர முன்வர வேண்டும் என்ற விதி அதற்குப் பிறகு வந்தது. நம் பையன் அந்தப் பட்டியலில் இருந்தால், பரிசோதனைக்கு உடன்படுவதே மேல் என்பது என் கருத்து.

ஆனால் பல்கலைக்கழகம் முன்பிருந்த இடமாக இன்று இல்லை. நெடுங்காலம் முதல் தரக் கல்லூரிப் பேஸ்பால் அணிக்கு 11.7 உதவித்தொகைகளே அனுமதி. அதை 27 பேருக்குப் பிரித்துக் கொடுத்தார்கள். 2025-ல் நீதிமன்றம் ஏற்ற உடன்பாட்டுக்குப் பின், அதில் சேர்ந்த கல்லூரிகளுக்கு அந்த வரம்பு நீங்கியது, பதிலாக அணியில் 34 பேருக்கு மேல் கூடாது என்று வந்தது. பணம் உள்ள கல்லூரி 34 பேருக்கும் முழு உதவி தரலாம். இது நல்ல செய்தி. மறுபுறம், பயிற்சியாளர்கள் கட்டுப்பாடின்றி வேறு கல்லூரிகளிலிருந்து 21, 22 வயது வீரர்களை அழைத்துக்கொள்ள முடிகிற நிலையில், 34 இடங்களில் ஒன்றைப் பதினெட்டு வயதுக்காரனுக்கு ஒதுக்கி அவன் வளரும்வரை காத்திருக்க எத்தனை பேருக்குப் பொறுமை இருக்கும்? பையன் இரண்டாம் வகுப்புப் பயணச்சீட்டை வைத்துக்கொண்டு முன்பதிவு உறுதியாகிவிட்டது என்று நம்பிக்கொண்டிருக்கக் கூடாது. முதலாண்டு பிட்சர்கள் சென்ற இரண்டு பருவங்களில் எத்தனை இன்னிங்ஸ் எறிந்தார்கள், எத்தனை பேர் ஓராண்டில் வெளியேறினார்கள் என்று அந்தக் கல்லூரியின் பழைய ஆட்டப் பதிவுகளைப் பெற்றோர் உட்கார்ந்து எண்ண வேண்டும். மைதானத்தைச் சுற்றிக் காட்டி விருந்து வைக்கும் நாளில் இந்தக் கணக்கு வெளியே வராது.

மூன்றாம் வழியான இரண்டாண்டுக் கல்லூரியை, அந்தத் துறையில் ஜூகோ என்று அழைப்பதை, நடுத்தர வர்க்கப் பெற்றோர் பெரும்பாலும் தோல்வியாகவே பார்க்கிறார்கள். பெயர் இல்லை, மைதானம் சிறியது, பேருந்துப் பயணம் நீண்டது. ஆனால் டிராஃப்ட் விதி இவர்களுக்கு மட்டும் தாராளமானது. ஜூகோ மாணவன் ஒவ்வோர் ஆண்டும் தேர்ந்தெடுக்கப்படலாம். நாம் தேடும் பிடி இங்கே ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படுகிறது. இந்த ஆண்டு பிடிக்காவிட்டால் இரண்டாம் ஆண்டு, அதுவும் பிடிக்காவிட்டால் பெரிய பல்கலைக்கழகத்துக்கு மாறலாம் என்று ஒவ்வொரு முறையும் அவன் பின்னால் ஒரு போக்கிடம் இருக்கிறது. ஹார்ப்பர் இதை உச்சத்துக்குக் கொண்டுபோனார்: பள்ளியின் இரண்டாமாண்டோடு நின்று, பள்ளிப் படிப்புக்கு ஈடான சமநிலைத் தேர்வு எழுதி, தென் நெவாடா கல்லூரியில் மர மட்டையோடு 31 ஹோம் ரன் அடித்து, 2010-ல் பதினேழு வயதில் முதல் தேர்வானார். அது மேதையின் வழி. நம் பையனுக்குப் பொருந்துவது ஆண்டி பெட்டிட்டின் வழி. 1990-ல் 22-ஆம் சுற்றில் யாங்கீஸ் எடுத்தபோது அவர் கையெழுத்திடாமல் டெக்சஸின் சான் ஜசின்டோ கல்லூரியில் ஓராண்டு எறிந்து, உடம்பும் வேகமும் தேறியபின் அதே அணியுடன் கையெழுத்திட்டார். இடையில் கைவிடப்பட்டிருந்த அந்த ஏற்பாடு இப்போது திரும்பியிருக்கிறது. பத்தாம் சுற்றுக்குப் பின் எடுக்கப்பட்டு ஜூகோவுக்குப் போகிறவனை, அடுத்த டிராஃப்டுக்குச் சற்று முன்புவரை பார்த்திருந்து, 2,25,000 டாலர் வரை கொடுத்து அதே அணி சேர்த்துக்கொள்ளலாம். அவன் மறுத்து மீண்டும் டிராஃப்டுக்கு வரவும் தடை இல்லை. பத்தொன்பது வயதில் கையெழுத்திடுவதால் அணிக்குச் சொந்தமாக இருக்கும் காலமும் ஏழிலிருந்து ஆறாகக் குறைகிறது. இதைப் பலர் கவனிப்பதில்லை.

ஜூகோவின் குறைகள் கண்ணுக்குத் தெரிபவையே. உடற்பயிற்சி நிபுணரும் கருவிகளும் கல்லூரிக்குக் கல்லூரி வேறுபடும். பாடங்கள் எல்லாம் பிறகு சேரும் பல்கலைக்கழகத்தில் கணக்கில் எடுத்துக்கொள்ளப்படும் என்ற உறுதி இல்லை. தேசிய ஜூகோ சங்கத்தின் முதல் பிரிவில் 24 முழு உதவித்தொகைகள் வரை தரலாம் என்றாலும், கலிஃபோர்னியாவின் சமுதாயக் கல்லூரிகள் விளையாட்டு உதவித்தொகையே தருவதில்லை. அங்கே வாடகை குடும்பத்தின் தலையில். எதிரணி மட்டையாளர்களின் தரமும் ஏற்ற இறக்கமானது. ஆனால் இவனுக்கு இப்போது வேண்டியது இன்னிங்ஸ். தென்கிழக்கு மாநாட்டில் ஓரத்துப் பெஞ்சில் உட்கார்ந்து மற்றவர் எறிவதைப் பார்க்கும் முதலாண்டைவிட, ஃப்ளோரிடாவின் சிபோலா போன்ற ஜூகோவில் வாரந்தோறும் எறியும் ஓர் ஆண்டு அவனுடைய சேஞ்ச்அப்பை விரைவாகக் கையில் கொண்டுவரும்.

மூன்று வழிகளுக்கும் பொதுவாக ஒரு நிழல் உண்டு, அது முழங்கை. 1974-ல் டாம்மி ஜான் என்ற பிட்சருக்கு டாக்டர் ஃப்ராங்க் ஜோப் முதன்முதலில் செய்த தசைநார் மாற்றுச் சிகிச்சை இன்று பள்ளிப் பையன்களுக்கே சாதாரணமாகிவிட்டது. 2014-ல் வெளியான வழிகாட்டுதலின்படி 17, 18 வயதுக்காரன் ஒரு நாளில் 105 பந்துக்கு மேல் எறியக் கூடாது, எண்பதைத் தாண்டினால் நான்கு நாள் ஓய்வு. ஸ்கவுட்டின் ராடார் துப்பாக்கி நீட்டப்பட்டிருக்கும் கோடையில் இதை எண்ணுகிற அப்பாக்கள் குறைவு. காயம் வரும் என்பதையே காரணம் காட்டி "கிடைக்கும் பணத்தை இன்றே வாங்கிவிடு" என்பார்கள். முழுத் தவறில்லை. ஆனால் 2014-ல் ஜெஃப் ஹாஃப்மனும் எரிக் ஃபெட்டியும் அறுவைச் சிகிச்சை முடிந்த சூட்டோடு ஒன்பதாம், பதினெட்டாம் இடங்களில் எடுக்கப்பட்டார்கள். சிறந்த கல்லூரிப் பிட்சருக்கு அந்தக் காயம் விலையைக் குறைக்கும், அழித்துவிடாது. நான்காம் சுற்றுப் பணத்துக்குக் கையெழுத்திட்ட பள்ளிப் பிட்சருக்கு அதே காயம் வந்தால், பதினெட்டு மாதம் கழித்து அவன் 165 பேர் பட்டியலின் அடியில் நிற்பான்.

என் முடிவைச் சொல்லிவிடுகிறேன். இந்தப் பையனுக்கு நான் 15 லட்சம் டாலர் என்று ஒரு கோடு போடுவேன். கூட்டாட்சி வரியின் மேல்படி 37 விழுக்காடு, மாநில வரி, முகவர் கட்டணம் எல்லாம் போனால் கையில் நிற்பது பாதியைவிடச் சற்று அதிகம். ஏழு ஆண்டு உரிமையை விற்பதற்கு அதற்குக் கீழே போனால் கட்டுப்படியாகாது. அந்தத் தொகையோ அதற்கு மேலோ கிடைத்தால் போடட்டும். கிடைக்காவிட்டால், முதலாண்டிலேயே இன்னிங்ஸ் கிடைக்கும் என்று பழைய பதிவுகள் காட்டுகிற பட்சத்தில் பல்கலைக்கழகம், காட்டாவிட்டால் ஜூகோ. கையெழுத்து, பல்கலைக்கழகம், ஜூகோ என்ற வழக்கமான வரிசையை இப்படிக் கலைப்பது சிலருக்கு ஒவ்வாது என்று தெரியும். இவனே ஷார்ட்ஸ்டாப்பாகவோ சென்டர் ஃபீல்டராகவோ இருந்து, பதினேழு வயதில் நல்ல வேகப்பந்தை அடிக்கிறவனாக இருந்தால், கோட்டைப் பாதியாகக் குறைத்துக்கொண்டு கையெழுத்துப் பக்கம் சாய்ந்திருப்பேன். மட்டையாளனுக்குத் தினமும் ஆட்டம் கிடைக்கும், முழங்கை ஒரு நாளில் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போகாது.

கோடு எதுவானாலும் டிராஃப்டுக்கு முன்பே வீட்டில் முடிவாகி, எல்லா ஸ்கவுட்டுகளுக்கும் ஒரே எண்ணாகச் சொல்லப்பட வேண்டும். தேர்வு நாளில் தொலைபேசி ஒலித்து, "இந்தத் தொகைக்குச் சம்மதமா, முப்பது வினாடியில் சொல்லுங்கள்" என்று கேட்பார்கள். அப்போது அப்பா ஓர் எண்ணும் பையன் ஓர் எண்ணும் சொன்னால், அடுத்த முறை அந்த எண்ணை யாரும் நம்பமாட்டார்கள். கையெழுத்திடுவதென்று ஆனால், எத்தனை பருவங்களுக்கு, பருவத்துக்கு எவ்வளவு என்று பின்னாளைய கல்லூரிச் செலவை அணி ஏற்கும் உதவித்திட்டத்தை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்க வேண்டும். ஆட்டத்தை விட்ட ஈராண்டுக்குள் படிப்பைத் தொடங்காவிட்டால் அந்த உரிமை காலாவதியாகும் என்ற வரியையும், கையெழுத்துக்கு முன்பே பையனை உட்கார வைத்து வாசிக்கச் சொல்ல வேண்டும்.